மட்டாஞ்சேரிக் கடிகாரமும் பள்ளிக் கணிப்பொறியும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், யூதர் தெருவின் கோடியில், ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது. 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஆலயத்தை ஒட்டி, 1760ஆம் ஆண்டளவில் எசக்கியேல் ரஹாபி என்னும் பெருவணிகர் அதனைக் கட்டுவித்தார். கடைத்தெருவை நோக்கிய அதன் முகத்தில் ரோமானிய இலக்கங்கள் உள்ளன. கொச்சி மன்னரின் அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள இலக்கங்கள். ஆலயத்தை நோக்கிய முகத்தில் எபிரேய இலக்கங்கள். மிளகு வாங்க வந்த அயல்நாட்டு வணிகரும், அரண்மனைப் பணியாளரும், வழிபாட்டுக்கு வந்த யூதரும் தத்தமக்குப் பழகிய எழுத்திலேயே நேரம் அறிந்தனர். முகங்கள் பல, உள்ளே சுழன்ற பொறியோ ஒன்றுதான்.

அந்தக் கடிகாரம் பிற்காலத்தில் பழுதுற்று நெடுங்காலம் ஓடாமல் நின்றுவிட்டது. 1990களின் இறுதியில்தான் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் முயற்சியால் மணிக்கூண்டு செப்பனிடப்பட்டது. உள்ளிருக்கும் பொறியைத் திறந்து பழுது பார்ப்பார் இல்லாத காலம் முழுவதும், அக்கடிகாரம் மூன்று மொழிகளிலும் ஒரே தவறான நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. இச்சிறு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் இங்கே சொல்ல எடுத்துக்கொண்ட பொருளின் சாரம் அதில் அடங்கியிருக்கிறது.

இன்றைய கணிப்பொறியும் இத்தகையதே. திரையில் நாம் காண்பது அதன் முகம். விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டுவருவது, எழுதியதை வட்டில் சேமித்து வைத்துக் கேட்டபோது எடுத்துத் தருவது, அச்சுப்பொறியை ஏவுவது ஆகிய வேலைகளை எல்லாம் மறைவில் இருந்து நடத்துவது இயங்குதளம் என்னும் அடிப்படை மென்பொருள். உலகில் அது பெரும்பாலும் இரு வகையாக வழங்குகிறது. ஒரு வகை, விண்டோஸ் போன்றது: ஒரு நிறுவனத்தின் உடைமை, அதன் மூல எழுத்தைப் பிறர் பார்க்க முடியாது, பயன்படுத்த உரிமக் கட்டணம் உண்டு. மற்றொரு வகை, குனூ/லினக்ஸ் போன்றது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு அறிவித்த குனூ திட்டத்தின் பகுதிகளும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் கருவும் இணைந்து உருவானது அது. அதன் மூல எழுத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், படி எடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். இதனையே கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

கேரளத்துப் பொதுப் பள்ளிகள், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், முதல் வகையை விட்டு இரண்டாம் வகைக்கு மாறின. அந்த மாற்றத்தின் வரலாற்றையே இங்குக் கூறப் புகுகிறோம். கணிப்பொறி வல்லுநர்க்கு உரிய செய்தி இது, நமக்கு என்ன என்று வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர் எண்ணுதல் கூடும். ஊர் மாறிய ஒருவர் முதலில் கேட்கும் கேள்வி, கையோடு கொண்டுவந்தவற்றுள் எவை இங்கே செல்லும், எவை செல்லா என்பதே அன்றோ? கணிப்பொறி மாறும்போதும் எழுவது அதே கேள்விதான். அக்கேள்வி தமிழுக்குப் புதியதும் அன்று. அது முதன்முதலாக எழுந்த இடங்களுள் ஒன்று இதே கொச்சி நகரம்.

நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே செல்வோம். தமிழ் ஓலையிலும் கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டு வந்த காலம் அது. போர்ச்சுகீசியப் பாதிரிமார் 1577ஆம் ஆண்டு கோவாவிலும், மறு ஆண்டு கொல்லத்திலும் தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்ப்பித்தனர். முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்ற ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் ஆக்கிய தம்பிரான் வணக்கம் என்னும் பதினாறு பக்கச் சிறு நூல், 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14ஆம் நாள், கிறிஸ்தியானி வணக்கம் என்னும் நூல் கொச்சியில் அச்சேறியது. 1586ஆம் ஆண்டில் அடியார் வரலாறு எனப்படும் பெருநூல் புன்னைக்காயலில் வெளிவந்தது. இந்திய மொழிகளுள் அச்சு எழுத்தில் முதலில் நூல் கண்டது தமிழ் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது இவற்றை வைத்தே.

ஆனால், அதன்பின் நடந்ததை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அச்சு வேலை தமிழ் மக்களின் தொழிலாக வேரூன்றவில்லை. எழுத்து வார்ப்பவரும் அச்சுக் கோப்பவரும் ஒரு சில பாதிரிமாரும் அவர்தம் உதவியாளருமே ஆவர். அவர் மறைந்தபின் அச்சு மங்கிற்று. இடையே 1679ஆம் ஆண்டு கேரளத்து அம்பழக்காட்டில் ஒரு தமிழ் – போர்ச்சுகீசிய அகராதி வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்தபோது, தமிழ் எழுத்துகளைச் செருமானிய நாட்டின் ஹாலே நகரில் வார்ப்பித்துக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. கொச்சியில் முன்னரே இருந்த ஒரு கலையை நூற்று முப்பது ஆண்டு கழித்து வேறு கண்டத்திலிருந்து வருவிக்க நேர்ந்தது. பிறகு தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தார்கள். அதன்பின்னரே அத்தொழில் இம்மண்ணில் நிலைகொள்ளத் தொடங்கியது. கருவி வந்தது, ஆனால் கருவியை ஆக்கவும் திருத்தவும் வல்ல கைகள் இங்கே வளராதவரை அது விருந்தாளியாகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. அப்போது எழுத்தே கருவிக்காக வளைந்தது. கூட்டெழுத்துகள் நிறைந்த மலையாளத்தைத் தட்டச்சுப் பொறியின் சில விசைகளுக்குள் அடக்குவதற்காகக் கேரள அரசு 1971ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் பெரியார் பல்லாண்டுகளாக வலியுறுத்தி வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978ஆம் ஆண்டு அரசு ஏற்றது. ணை, லை, றா, னா போன்றவை இன்றைய வடிவம் பெற்றது அப்போதுதான். தமிழில் அம்மாற்றம் கற்போர்க்கும் அச்சிடுவோர்க்கும் எளிமை தந்தது. கேரளத்திலோ, பழைய எழுத்தின் அழகு போயிற்றே என்று வருந்தியவர் பலர். கணிப்பொறி வந்தபின், அதற்கு விசைகளின் தடை இல்லை என்பதைக் கண்ட சிலர், 1999ஆம் ஆண்டளவில் 'ரசனா' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, பழைய மலையாள எழுத்துகள் முழுவதையும் கொண்ட எழுத்துரு ஒன்றை வரைந்து தந்தனர். பொறிக்காக எழுத்தை வெட்டலாமா, எழுத்துக்காகப் பொறியைத் திருத்தலாமா என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன விடை அது. பின்னர் வந்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்குக் கேரளத்தில் இத்தகைய மொழிப்பற்று ஓர் உரமாயிற்று.

இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது பொருத்தமாகும். நம் தொழில் மொழிபெயர்ப்பு. அலுவலகச் சொற்களுக்குத் தமிழ் இணைச்சொற்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து ஒரு சொற்கோவை வைத்திருந்தோம். அதைத் தட்டச்சு செய்தது, அந்நாளில் கடைகளில் கிடைத்த ஒரு பழைய எழுத்துருவில். அக்காலத்து எழுத்துருக்கள் பலவற்றில், கணிப்பொறி உள்ளத்தளவில் ஆங்கில எழுத்தையே சேமிக்கும். திரையில் மட்டும் தமிழ் முகமூடி அணிந்து காட்டும். 'அ' என்னும் எழுத்தை ஒருவர் ஓர் எண்ணில் வைத்தார். மற்றொருவர் வேறோர் எண்ணில் வைத்தார். நாம் அப்போது பணிசெய்த இடத்தில் ஒரு நாள் கணிப்பொறிகளின் இயங்குதளத்தை மாற்றினார்கள். பழைய எழுத்துரு புதிய பொறியில் இல்லை. அதை இயக்கிய தட்டச்சு மென்பொருளும் அங்கே ஓடவில்லை. சொற்கோவையைத் திறந்தோம். தமிழ்ச் சொற்கள் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும், காற்புள்ளியும், வியப்புக்குறியும், பொருளற்ற கோலங்களும் பரவிக் கிடந்தன. எழுதியது எதுவும் அழியவில்லை; ஆயினும் எதையும் படிக்க முடியவில்லை. பழைய எழுத்தைப் புதிய குறியீட்டுக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்து, அது தவறவிட்ட இடங்களைக் கையால் திருத்தி, அச்சொற்கோவையை மீட்பதற்குப் பல மாலைப் பொழுதுகள் கழிந்தன.

நாம் முதலில் புதிய இயங்குதளத்தின் மேல் சினம் கொண்டோம். பின்னர்தான் உண்மை விளங்கிற்று. குற்றம் புதிய வீட்டில் இல்லை. பழைய வீட்டின் சுவரோடு சேர்த்துப் பொருள்களை ஒட்டி வைத்திருந்த நம் வழக்கத்தில் இருந்தது. தமிழ் அறிஞர்கள் இதை முன்னரே உணர்ந்திருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, பொதுவான விசைப்பலகை அமைப்பு ஒன்றையும் பொதுவான எழுத்துருக் குறியீடுகளையும் வகுத்தது. 1991ஆம் ஆண்டு முதலே உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி இடம் இருந்தது. 2010 ஜூன் மாதத்தில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த நாள்களில், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் அலுவல்களுக்கு உரிய குறியீடாக ஏற்று ஆணை பிறப்பித்தது. யூனிகோடில் எழுதியது எந்த இயங்குதளத்துக்குச் சென்றாலும் தமிழாகவே இருக்கும். பொறி மாறலாம், எழுத்து மாறாது என்ற நிலை அப்போதுதான் உறுதிப்பட்டது.

இனிக் கேரளத்துப் பள்ளிகளுக்கு வருவோம். விண்வெளி அறிஞர் யு. ஆர். ராவ் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஒட்டி, 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டம் 2001ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் பாடங்கள் விண்டோஸை அடிப்படையாகக் கொண்டே அமைந்தன. அந்நாளில் அது இயல்பாகவே தோன்றியது. கடைகளில் விற்ற கணிப்பொறிகளிலும் அலுவலகங்களிலும் பெரும்பாலும் இருந்தது அதுவே. ஆனால், ஆசிரியர் இயக்கங்களிலிருந்தும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரிடமிருந்தும் ஒரு வினா எழுந்தது. பொதுப் பள்ளியின் பாடநூல், ஒரு தனி நிறுவனத்தின் சரக்கைப் பழக்கும் கையேடாக இருக்கலாமா? கணிதம் கற்பிக்கும் நூல் ஒரே ஒரு கடையின் தராசைப் பற்றி மட்டும் பேசினால் நாம் ஏற்போமா?

இந்த வினா கேரளத்தில் வலுப்பெற்றதற்குக் காரணங்கள் உண்டு. 2001 ஜூலை மாதத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கி வைத்தார். மலையாளத்தைக் குனூ/லினக்ஸில் எழுதவும் படிக்கவும் வகைசெய்வதற்காக 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்னும் தன்னார்வக் குழு அதே காலத்தில் உருவாயிற்று. இளைஞர்கள் ஊதியமின்றி எழுத்துரு வரைந்தார்கள். பட்டியல்களையும் கட்டளைச் சொற்களையும் மலையாளத்தில் ஆக்கினார்கள். நம் இராமேசுவரத்துப் பெருமகனார் அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், 2003 மே மாதம் புனேயில் நிகழ்த்திய உரையில், பல மொழி பேசும் கோடிக்கணக்கான மக்களைக் கொண்ட இந்நாட்டுக்குத் திறந்த மூல மென்பொருளே ஏற்றது என்னும் கருத்தை வற்புறுத்தினார். பள்ளிகளுக்கான 'விக்டர்ஸ்' கல்வி ஒளிபரப்பை 2005 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தவரும் அவரே.

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. சில ஆண்டுகள் இரு முறைகளும் அருகருகே இருந்தன. பின்னர்ப் படிப்படியாகப் பாடங்களும் பயிற்சியும் குனூ/லினக்ஸுக்கு மாறின. 2008ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்க்கான தகவல் தொழில்நுட்பத் தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடைபெற்றது. முதலில் டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்பையும், பின்னர் உபுண்டு என்னும் பதிப்பையும் எடுத்து, பள்ளிக்கு வேண்டியவற்றைச் சேர்த்து, வேண்டாதவற்றை நீக்கி, தமக்கென ஓர் இயங்குதளத்தையே அத்திட்டத்தார் தொகுத்தனர். வடிவகணிதம் கற்க ஜியோஜீப்ரா, வேதியியலுக்குக் கால்சியம், ஓவியத்துக்கு ஜிம்ப், சிறுவர்க்கு டக்ஸ் பெயின்ட் எனப் பாடத்துக்கு ஏற்ற கருவிகள் அதில் இடம்பெற்றன. 2017ஆம் ஆண்டு அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் உள்ளவையாக்கும் வேலையை அது 2018ஆம் ஆண்டு தொடங்கி நிறைவேற்றியது. அவ்வளவு கருவிகளும் இயங்கியது கட்டற்ற இயங்குதளத்தில்தான். உரிமக் கட்டணம் செலுத்தாத வகையில் மிச்சமான தொகை ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்று 2019ஆம் ஆண்டு அத்துறை கணக்குக் கூறியது.

தொகை பெரிதுதான். ஆயினும், இம்மாற்றம் நிலைத்ததற்குக் காரணம் அந்தத் தொகை அன்று என்பதே நம் துணிபு. காரணம் வேறு. கேரளத்தார் பயிற்சியாளரை வெளியே தேடவில்லை. இயற்பியலும் கணக்கும் மொழியும் கற்பித்து வந்த பள்ளி ஆசிரியர்களையே தேர்ந்து, முதன்மைப் பயிற்சியாளராக ஆக்கினார்கள். அவர்கள் மாவட்டந்தோறும் சென்று மற்ற ஆசிரியர்க்குக் கற்பித்தார்கள். பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் கணிப்பொறிக்குப் பொறுப்பாளர் ஆனார். பொறி நின்றால் நிறுவனத்தின் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இயங்குதளத்தை மீண்டும் நிறுவ அந்த ஆசிரியர்க்கே தெரியும். 2018ஆம் ஆண்டு முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் தோன்றியபின், அந்த அறிவு ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கும் இறங்கிவந்தது. கொச்சியின் பழைய அச்சுக்கூடத்துக்குக் கிடைக்காதது இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது. திருத்தும் கைகள் அந்த மண்ணிலேயே வளர்ந்தன.

மொழியும் உடன் நின்றது. இங்கே தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. கேரளத்தில் இடுக்கி, பாலக்காடு, திருவனந்தபுரம் முதலிய மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. காசர்கோட்டில் கன்னடவழிப் பள்ளிகள் உள்ளன. தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வருவதோடு, தமிழிலும் கன்னடத்திலும் வருகின்றன. இடுக்கி மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள், கணிப்பொறியைத் தன் தாய்மொழி நூலைக் கொண்டே கற்கலாம். மட்டாஞ்சேரிக் கடிகாரத்துக்கு இன்னொரு முகம் வைத்தது போல இது நமக்குத் தோன்றுகிறது.

இப்போது தமிழ்நாட்டை நோக்குவோம். அங்கும் முயற்சி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மின்னணுக் கழகமாகிய எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007ஆம் ஆண்டளவில் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் மையம் ஆக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளம் அதே 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடம் இருந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வழங்கப்பட்ட பொறிகளில், விண்டோஸும் பாஸும் ஆகிய இரண்டும் இருந்தன. அத்திட்டத்தின் வழி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். எண்ணிக்கையில் இது கேரளத்தினும் பெரிது. ஆனால் ஒரே பெட்டிக்குள் இரண்டு வழி இருந்தால், மாணவன் எவ்வழியில் செல்வான்? தோழனுக்கும் தெருமுனைக் கடைக்காரர்க்கும் தெரிந்த வழியில்தான் செல்வான். புதிய வழியில் உடன்வர ஓர் ஆசிரியர் வேண்டும். அவ்வழியில் எழுதப்பட்ட பாடநூல் வேண்டும். தேர்வும் அவ்வழியிலேயே நடைபெற வேண்டும். பெட்டியைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்பது இதனால் விளங்கும்.

அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவோம். செருமானிய நாட்டின் மியூனிக் நகராட்சி 2003ஆம் ஆண்டு விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுவதென முடிவு செய்தது. பத்து ஆண்டு உழைத்து, 2013ஆம் ஆண்டு ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை மாற்றி முடித்ததாக அறிவித்தது. உலகமே அதனை வியந்து பார்த்தது. ஆனால் 2017ஆம் ஆண்டு, அந்நகர மன்றமே மீண்டும் விண்டோஸுக்குத் திரும்புவதென வாக்களித்தது. வெளி அலுவலகங்களோடு கோப்புகளைப் பரிமாறுவதில் எழுந்த தொல்லைகள் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டன. 2020ஆம் ஆண்டு அமைந்த புதிய ஆட்சிக் கூட்டணி, இயன்ற இடங்களில் திறந்த மூல மென்பொருளையே நாடுவோம் என்று மறுபடியும் உடன்பாடு கண்டது. ஆட்சியாளர் மாறுந்தோறும் மாறுவது உறுதியான மாற்றம் ஆகாது. ஆணை மேலிருந்து வந்தால் மேலிருப்போர் மாறும்போது அதுவும் மாறும். பழக்கம் கீழிருந்து வளர்ந்தால் எளிதில் மாறாது.

இருந்தும், கேரளத்து முறையைக் குறையற்றது என்று கூறி நேயர்களை ஏமாற்ற விரும்பவில்லை. பள்ளியில் லினக்ஸ் கற்ற மாணவன் வெளியே வந்து வேலை தேடும்போது, பல அலுவலகங்களில் விண்டோஸையே காண்கிறான். பள்ளியில் கற்றது வீணோ என்று பெற்றோர் கவலைப்படுவது இயல்பே. ஆனால் அடிப்படை அறிந்தவன் ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் சில நாளில் பழகிவிடுவான். ஒரு நிறுவனத்தின் பொத்தான்கள் இருக்கும் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவனே திணறுவான். பழகிய பொறியும் என்றென்றும் நிலைப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பதிப்புக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு பாதுகாப்பு உதவியை அதன் நிறுவனம் நிறுத்தியபோது, உலகெங்கும் அலுவலகங்கள் தடுமாறின. கேரளச் சட்டமன்றச் செயலகம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது அவ்வாண்டில்தான். 2015ஆம் ஆண்டு இந்திய அரசும், தன் மின்னாளுமைப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. மாற்றம் நம்மைக் கேட்டு வருவதில்லை. வருமுன் ஆயத்தமாக இருப்பதே நம் கையில் உள்ளது.

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில், வெளி என்னும் இடத்தில் ஒரு சலவைத்துறை உண்டு. பல தலைமுறைகளுக்கு முன் தமிழ் மாவட்டங்களிலிருந்து அங்கே குடியேறிய குடும்பங்கள் இன்றும் அங்கே உழைக்கின்றன. அவர்கள் நாடு மாறினார்கள். கடைத்தெருவில் பேசும் மொழி மாறியது. தொழில் நுட்பத்தையும் வீட்டு மொழியையும் கையோடு கொண்டுவந்தார்கள். யாரேனும் ஒருவர் மட்டும் அறிந்த தொழிலாக இருந்திருந்தால், அது அவரோடு முடிந்திருக்கும். தந்தை மகனுக்கும், தாய் மகளுக்கும் சொல்லித் தந்ததால்தான் நிலைத்தது. கணிப்பொறிக்கும் இதுவே நெறி.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், தமிழ்ச் சங்க ஆண்டு மலர்களையும், உறுப்பினர் பட்டியல்களையும், நாடகப் படிகளையும், குடும்ப வரலாறுகளையும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றைத் திறந்து காட்டும் பொறி ஒன்றேனும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, யூனிகோடுக்கு மாற்றி வைத்தல் வேண்டும். மாற்றத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதாது; அவர் தம் மக்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் அதைக் கற்பித்தல் வேண்டும். எந்த நிறுவனத்தின் பொறியை வாங்கலாம் என்று கேட்பதோடு நில்லாமல், அது நின்றால் நம்முள் யார் திருத்துவார், அதில் நம் எழுத்து நாளையும் படிக்கக் கிடைக்குமா என்னும் இரண்டையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

1579ஆம் ஆண்டு கொச்சியில் அச்சான தமிழ் நூலை ஆக்கிய கைகளுக்குப் பின்வந்த கைகள் இல்லாது போயின. கேரளத்துப் பள்ளிகளில் இன்று அத்தகைய கைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கடிகாரத்தின் முகத்தில் நம் எழுத்து இருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும். உள்ளே இருக்கும் பொறியைத் திறக்கும் சாவியும் நம் வீட்டில் இருந்தால்தான் அந்த மகிழ்ச்சி நீடிக்கும்.